மாடசாமி வைத்த கைநாட்டு

மும்பையில் வாடகைக்குக் குடிபோகிறவர்களுக்குப் புத்தி சொல்வதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான், நான் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதாமல் சட்டி பானையோடு போய் இறங்கியவள். இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கணவர் முருகேசன் இதைத் தாராவி முதல் ஐரோலி வரை, லோக்கல் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் உட்பட, எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டார். இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையில் மடிக்கணினி, சின்னக் கேமரா, கட்டைவிரல் ரேகை எடுக்கும் கருவி (எங்கள் பக்கம் அதற்கு அங்கூட்டா மிஷின் என்று பெயர்) இவற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். வீட்டு ஓனரையும் குடிவருகிறவரையும் உட்காரவைத்து, பதினோரு மாத ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து, இருவரையும் படம் பிடித்து, ரேகை வாங்கி, இரண்டு சாட்சிகளின் ரேகையையும் வாங்கி, கணினி வழியாகவே பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன். யாரும் எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம்.

இதற்குத்தான் எனக்குக் கூலி. ஆனால் நான் கூலி வாங்காமல் செய்வதுதான் அதிகம். "ஓனர் கையில இன்னொரு சாவி இருக்கான்னு கேளுங்க, இருந்தா பூட்டை மாத்துங்க" என்பேன். "தண்ணி வார நேரத்துல வந்து குழாயைத் தொறந்து பாருங்க, சாயங்காலம் வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லாதீங்க" என்பேன். "அந்த ஒரு அலமாரியில என் சாமான் கிடக்கட்டும்னு ஓனர் சொன்னா, அதை எடுக்க என்னைக்கு வருவார், எத்தனை மணிக்கு வருவார்னு எழுதி வாங்குங்க" என்பேன். வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போகும் என்று நான் முழங்கியதில், மாதுங்காவில் ஒரு ஓனர் அம்மாள் எனக்காகப் போட்ட காப்பியை என் கண்ணெதிரே உள்ளே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் அசரவில்லை. அடுத்த வீட்டில் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது தாராவியில் ஒரே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாங்கள் இருவர், எங்கள் மகள் தர்ஷினி என்று ஆறு பேர் இருந்தோம். தனிக் குளியலறை உள்ள ஒரு வீடு வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்பதைவிட வைராக்கியம் என்று சொல்லலாம். எட்டு மாதம் செம்பூரில் தேடினேன். புரோக்கர்கள் போனில் தேனாகப் பேசுவார்கள். "இப்போ எங்க இருக்கீங்க?" என்று கேட்பார்கள். தாராவி என்றதும், வீடு இப்போதுதான் வேறு பார்ட்டிக்கு முடிந்துபோயிற்று என்பார்கள். நேற்றுவரை காலியாக இருந்த பன்னிரண்டு வீடுகள், நான் வாயைத் திறந்ததும் முடிந்துபோயிருக்கின்றன.

பதின்மூன்றாவது வீடு தங்கப்பாண்டி அண்ணாச்சியுடையது. மாவுக் கடைக்காரர் சொல்லிப் போனேன். அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் தாராவியில் தோல் பட்டறையில் பெல்ட் தைத்து, அந்த உழைப்பில் செம்பூரில் வாங்கிய வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவி போனபின் உல்லாஸ்நகரில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் மூத்த மகன் ராஜனோடு இருக்கிறார். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பூர்வீகம் எந்த ஊரு பிள்ள?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, குளத்துக்கு அந்தக் கரை! நாங்க இந்தக் கரை!" என்றார். அவ்வளவுதான், நானும் உருகிவிட்டேன். (அந்த ஊரை என் வாழ்க்கையில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு முறை காய்ச்சலில் படுத்திருந்தேன். அந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.)

"அப்போ அக்ரிமென்ட் அண்ணாச்சி..." என்று தொழில் பழக்கத்தில் ஆரம்பித்தேன்.

"நமக்குள்ள என்னத்துக்குப் பிள்ள காயிதம்?"

"அதான அண்ணாச்சி!" என்றேன் நான். ஆமாம், நானேதான்.

ஹாலின் சுவரில் ஒரு மாடம் கட்டியிருந்தது. அதில் சுடலைமாடசாமி படம், குங்குமம், ஒரு விளக்கு. அண்ணாச்சி அதைக் காட்டி, "இவரை மட்டும் எடுக்க முடியாது பாத்துக்க. இங்கன வெச்சு இருவத்திரெண்டு வருசமாச்சு. நான் எப்பமாச்சும் வந்து வெளக்குப் பொருத்திட்டுப் போயிருதேன்" என்றார். சாமி விஷயமாயிற்றே, சரி என்றேன். எப்பமாச்சும் என்றால் எப்போது என்று கேட்கவில்லை. அவர் கையில் இன்னொரு சாவி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

இருந்தது. குடிபோன மறுநாள் காலை ஆறரை மணிக்கு, தலையில் துண்டும் வாயில் பிரஷ்ஷுமாகக் குளியலறையிலிருந்து வெளியே வந்தேன். ஹாலில் வெற்றுடம்போடு அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பிரஷ் பறந்து போய் டிவி மேல் விழுந்தது.

"நீ உன் சோலியப் பாரு பிள்ள. என்னையக் கவனிக்காத" என்று திரியைத் தூண்டினார்.

அன்றிலிருந்து தினமும் அதே நேரம். உல்லாஸ்நகரில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கி, மூன்று மாடி ஏறி வந்துவிடுவார். விளக்கு பொருத்தியபின் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முருகேசனுக்கு ஐரோலியில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஹாலில் படுத்திருப்பார். அண்ணாச்சி அவரை மிதிக்காமல் தாண்டிப் போவதற்கு ஒரு தனிப் பாதையே கண்டுபிடித்துவிட்டார். தர்ஷினிக்குக் கடலை மிட்டாய் கொண்டுவருவார், அவளுக்குக் குஷி. எனக்குத்தான் சொந்த வீட்டு ஹாலுக்குள் போவதற்குக் கதவிடுக்கு வழியாக எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தர்ஷினிக்கு ஆறு வயது ஆனபோதுதான் தலையில் இடி இறங்கியது. எங்கள் தெருமுனையில் ஒரு நல்ல இங்கிலீஷ் பள்ளி. அதில் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இலவச இடங்கள் உண்டு. ஆனால் பக்கத்திலேயே குடியிருக்கிறோம் என்பதற்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். விண்ணப்பம் திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. மும்பையில் பாதிப் பேருக்கு அந்தக் காகிதத்தைச் செய்துகொடுத்த என்னிடம் அது இல்லை.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். என் ஒப்பந்தங்களில் வரும் இங்கிலீஷை மனப்பாடமாகத் தட்டுவேன். யாராவது இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் உள்ளங்கை வியர்க்கும். என் மகளுக்கு அப்படி வியர்க்கக் கூடாது. அந்த இடத்தை அவளுக்கு வாங்காமல் விடுவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு மறுநாள் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "எனக்கு ஒண்ணுமில்ல பிள்ள. ராஜன் வேண்டாங்கான். வீட்டை விக்கணுங்கான். காயிதம் கீயிதம்னு போட்டா பொறவு லஃப்டா, வம்பு ஆயிரும்ங்கான்."

"வீடு உங்க பேர்லதான அண்ணாச்சி இருக்கு?"

"வீடு என் பேர்லதான். சோறு அவன் வீட்டுலல்லா" என்றார். மடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. முதல் நாள் மீன் குழம்பு வைத்துக் கேட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டார், கையெழுத்து இல்லை. மறுநாள் அழுது கேட்டேன். கூட அவரும் அழுதார். மூன்றாம் நாள் கோபம் வந்து, ஊருக்கெல்லாம் சொன்ன புத்தியை நானே கேட்டுப் பூட்டை மாற்றினேன். காலையில் சாவி திரும்பாததைக் கண்டு அண்ணாச்சி சண்டை போடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து மாடசாமி பாட்டை உரக்கப் பாட ஆரம்பித்தார். மூன்று மாடிக் கதவுகளும் திறந்தன. என் கதவு நான்காவதாகத் திறந்தது.

ஏழாம் நாள் அவராகவே ஒரு செய்தி சொன்னார். அந்த வருஷம் ஊரில் மாடன் கோயில் கொடைக்குப் போக முடியவில்லையாம். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதில் இங்கேயே சின்னதாக ஒரு கொடை. இரவில் வைத்தால் கட்டடத்து சொசைட்டிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "நம்ம ஆளுவதான் பிள்ள, ஒரு இருவது பேரு. ராஜனும் வாரான்."

வேறு நாளாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். அன்று எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. அண்ணாச்சி சாமியாடி. கொடையில் அவர் மேல் மாடன் இறங்குவார், கேட்டவர்களுக்குக் குறி சொல்வார். சாமி சொன்ன வாக்கை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் மீற மாட்டார்கள். ராஜனும்தான்.

"ஏட்டி கனி, சாமிகிட்ட போய் அக்ரிமென்ட் கேக்கப்போறியா?" என்றார் முருகேசன்.

"ஏன், சாமியும் இந்த வீட்டுலதான இருக்கு? நம்மளுக்கு முன்னாலருந்தே இருக்கு."

ஞாயிறு வந்தது. எங்கள் ஹாலில் இருபது பேர் என்றார்கள், முப்பத்தொன்று எண்ணினேன். மாடத்தின் முன் ஆட்டுக்கறி, முட்டை, சுருட்டு எல்லாம் படைத்திருந்தது. வில்லுப்பாட்டு புளூடூத் ஸ்பீக்கரில் ஓடியது. மாடன் சுடுகாட்டில் பிறக்கும் இடத்தில் யாருக்கோ போன் வந்து, 'உங்கள் பார்சல் கீழே நிற்கிறது' என்று இந்தியில் ஒரு குரல் ஹால் முழுக்க ஒலித்தது. போனுக்குச் சொந்தக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அணைத்தார். உடுக்கை வேகமெடுத்தது. அண்ணாச்சியின் தோள் முதலில் குலுங்கியது, பிறகு உடம்பே ஆடியது. குலவைச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஒரு சித்தி தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். ஒருவர் முழங்கால் வலி கேட்டார். அடுத்து நான். கழுத்தில் மாலையும் வாயில் சுருட்டுமாக நின்றவர் முன்னால் மண்டியிட்டேன்.

"மாடா, இந்த வீட்டுல நாங்க இருக்கணுமா, போவணுமா?"

"இரு!"

"அப்போ பதிவு பண்ணி ஒரு அக்ரிமென்ட் வேணும் சாமி. பதினோரு மாசத்துக்கு."

உடுக்கை நின்றது. ராஜனின் கண்கள் பிதுங்கின. சாமி நாக்கைத் துருத்திக் கடித்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தது. நான் அசையவில்லை.

"போடு!" என்றது சாமி. "காலையில வாரவனுக்குக் கதவு தொறக்கணும்!"

"தொறக்கேன் சாமி."

"காப்பி வேணும்!"

"தாரேன் சாமி."

"சீனி கம்மியா!"

"சரி சாமி" என்று தரையில் நெற்றி பட விழுந்தேன். பக்தியில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இதோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நானோ கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்த மடிக்கணினியையும் அங்கூட்டா மிஷினையும் இழுத்தேன். சாமி மலையேறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற ஒரே வெறி. இதுவும் பூஜையில் சேர்ந்தது என்று நினைத்து ஒரு பெரியம்மா குலவை போட்டாள். சாமியின் கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். விபூதியும் எண்ணெயும் சேர்ந்து இரண்டு முறை ரேகை விழவில்லை. என் முந்தானையால் விரலைத் துடைத்து மூன்றாம் முறை வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது.

"சாமி, கேமராவைப் பாருங்க" என்றேன். சாமி பார்த்தது. படம் எடுத்தேன். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று திரும்பினேன். "ராஜண்ணே, நீங்களே வைங்க" என்றேன். ராஜன் சாமியை நிமிர்ந்து பார்க்காமலே விரலை வைத்தார். குலவை போட்ட பெரியம்மா இரண்டாவது சாட்சி. அந்த ஹாலில் அன்று என்னைவிடப் பெரிய சாமர்த்தியசாலி யாரும் இல்லை என்று நினைத்தேன்.

எல்லாரும் போனபின், சாயங்கால வெளிச்சத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அனுப்பு என்ற கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி. திரையில் அண்ணாச்சி. துருத்திய நாக்கு, மேலே செருகிய கண், வாயோரம் சுருட்டு. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வேறொரு முகம் ஞாபகம் வந்தது.

மாதுங்காவில் ஒரு வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த அத்தையின் விரலைப் பிடித்து மிஷினில் வைக்கச் சொன்னான் ஒரு மருமகன். அந்த அம்மாளுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. நான் மடிக்கணினியை மூடி, அவனைத் திட்டிவிட்டு எழுந்து வந்தேன். இதைப் பெருமையாகப் பத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன். இப்போது நான் செய்ததற்கும் அவன் செய்யப் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம்? அவனாவது பாதியில் நின்றான்.

"அமுக்கப்போறியா?" என்றார் முருகேசன்.

"பிள்ளைக்கு சீட் போயிரும்."

"அப்போ அமுக்கு."

"எப்படி அமுக்க?" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. அழுது தீர்த்தேன். பொத்தானை அமுக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு நானே கதவைத் திறந்தேன். அண்ணாச்சி விளக்கைப் பொருத்தி முடிக்கும்வரை காத்திருந்து, காப்பியைக் கையில் கொடுத்து, காலில் விழாத குறையாகச் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி. நீங்க உங்க நெனவுல இல்லாதப்ப ரேகை எடுத்துட்டேன். இப்பமே உங்க முன்னால அழிச்சிருதேன். வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிருதோம்."

அவர் காப்பியை ஆற்றிக் குடித்தார். சீனி சரியாக இருந்தது போலும், தலையாட்டினார்.

"என்னத்துக்கு அழிக்க?"

"அண்ணாச்சி, நேத்து..."

"சாமி வந்தது நெசம் பிள்ள. அதுல சந்தேகப்பட்டுராத. ஆனா முழங்கால் வலிக்காரன் எந்திச்சதோட மாடன் மலையேறிட்டாவ. நீ வந்து மண்டி போடும்போது நான்தான் நின்னேன்."

போர்வைக்குள்ளிருந்து முருகேசன் குரல் வந்தது. "நான் நேத்தே நெனச்சேன். மாடசாமிக்கு எப்பருந்து சுகர்?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நான் சொன்னா ராஜன் கேக்க மாட்டான். அவன் பயப்படுறது மாடனுக்கு மட்டுந்தான். இந்த வீட்டையும் வித்துட்டான்னா காலையில எந்திச்சு நான் எங்க போவேன் சொல்லு? அவன் வீட்டுல எல்லாரும் ஒம்போது மணிக்குத்தான் எந்திப்பாவ. நீ கேட்டுருவியா, கேட்டுருவியான்னு நானும் நேத்து காத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

ஆறு மாதமாக அவரை எப்படி வெளியே தள்ளுவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அந்த மனிதருக்கு அந்த ஜன்னலோரத்தைத் தவிர வேறு இடம் இல்லை என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அதற்காக நான் தளர்ந்துபோய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை பட்டது போதும். "அப்போ முறைப்படி புதுசா எடுப்போம்" என்று மடிக்கணினியைத் திறந்தேன். பழைய ரேகையையும் படத்தையும் அழித்தேன். (அழிப்பதற்கு முன் அந்தப் படத்தை அண்ணாச்சியே கேட்டுப் பார்த்து, "நல்லாத்தான இருக்கேன்" என்றார்.) ராஜனும் பெரியம்மாவும் வைத்த சாட்சி ரேகைகளைத் தொடவில்லை. ராஜன் நிதானத்தில்தான் இருந்தார். பயம் வேறு, நிதானம் வேறு.

பிறகு ஒவ்வொரு வரியாகப் பேரம். அண்ணாச்சி வரும் நேரம் ஆறரை முதல் ஏழரை வரை. மணி அடித்துத்தான் வர வேண்டும். சாவி எங்களிடம் மட்டும். மாடம் அவருடையது, அதை நாங்கள் எடுக்கக் கூடாது. வீட்டை விற்பதென்றால் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். காப்பியையும் எழுத வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அரசாங்கக் காகிதத்தில் காப்பியா என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் எழுதினேன். பதிவு அலுவலகத்தில் அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தர்ஷினியின் பெயர் இரண்டாவது பட்டியலில் வந்தது. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, அவள்தான் ஜன்னலோரம் அண்ணாச்சிக்கு எதிரில் உட்கார்ந்து, முழு இங்கிலீஷையும் படித்து, வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்கிறாள். எங்கேயும் தடுமாறுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது என் உள்ளங்கை வியர்ப்பதும் இல்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் எல்லாரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்ப்போம். அதில் ஒரு வரி உண்டு. "ஓனர் முழு சுயநினைவோடயும் தெளிவான புத்தியோடயும் இதுல கையெழுத்துப் போடுதாங்க" என்று அவள் படித்து நிமிர்ந்து பார்ப்பாள். அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நாக்கைத் துருத்திக் கடித்து, கண்ணை மேலே செருகிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டுவார்.